ஒரு மணித்தியாலம் அகலமான ஆறு

ரெனான்
11.09.2022

என் அன்புத் தங்கை மனோகரிக்கு,

அண்ணை ராசா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். மெத்ரோப் படி ஏறும்போது மட்டும் முழங்கால் முறைப்பாடு சொல்கிறது. உன் பிரஷர் எப்படி? குளிசையை ஒழுங்காகப் போடுகிறாயா, அல்லது தையல் வகுப்புப் பிள்ளைகளைப் பேசுகிற மும்முரத்தில் மறந்துவிடுகிறாயா?

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே வாசித்தேன். இளவாலைப் பங்கிலிருந்து நாற்பது பேர் வருகிற பங்குனியில் வேதாகம நாடுகளைப் பார்க்கப் போகிறார்கள், நீயும் பெயர் கொடுத்துவிட்டாய். இதைச் சந்தைக்குப் போய் வருகிறேன் என்பது போல இரண்டே வரியில் எழுதியிருக்கிறாய்.

மனோ, கொஞ்சம் யோசித்துப் பார். என் அகதிப் பயணப் புத்தகத்தில் எல்லா நாடுகளுக்கும் போகலாம், ஒன்றைத் தவிர என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்த ஒன்று எங்கள் நாடு. உனக்குச் சுவிஸ் விசா இரண்டு தரம் இல்லையென்று திருப்பிவிட்டார்கள். நீ இங்கே வர முடியாது, நான் அங்கே வர முடியாது. ஆனால் எருசலேமுக்கு இரண்டு பேரும் வரலாம். இருபத்தேழு வருடமாக இது ஏன் எங்கள் இரண்டு மண்டைக்குள்ளும் ஏறவில்லை என்று தெரியவில்லை.

உடனே உங்கள் பயணத் திட்டத்தை அனுப்பு. எந்த நாள் எந்த ஊர், எங்கே தங்குகிறீர்கள் எல்லாம் வேண்டும். நானும் அதே நாட்களில் வருகிற வழியைத் தேடுகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இத்தனை வருடம் போர்வை மடித்தவனுக்குப் பத்து நாள் லீவு தராமலா போவார்கள்?

வேணுகா சுகம். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உன்னை நினைத்தபடி,
அண்ணை ராசா


இளவாலை
04.10.2022

அன்பான அண்ணைக்கும் வேணுகா மச்சாளுக்கும்,

மாதாவின் புண்ணியத்தில் இங்கே குறை ஒன்றும் இல்லை. பிரஷர் குளிசை போடுகிறேன். ஷெல் விழுந்தபோது போன வலது காது போனதுதான். இடது காதில் கோயில் மணி மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை வாசித்த அன்று வகுப்பில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு உள்ளே போய் இருந்து அழுதேன். எனக்கு இருபத்தைந்து வயதில் நீங்கள் போனீர்கள். இப்போது பேருந்தில் எனக்கு எழும்பி இடம் தருகிறார்கள்.

பக்கத்து வீட்டுச் சுகந்தியும் எங்களோடு வருகிறாள். எனக்குக் கேட்காததை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுகிறவள் அவள்தான். தன் போனில் உங்கள் முகத்தைப் பார்த்துக் கதைக்கலாம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதில் உங்கள் வாய் ஆடும். எனக்கு ஒன்றும் கேட்காது, சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கும் கேட்கும். எனக்கு அது வேண்டாம். கடிதம் என்றால் எனக்கு மட்டும்.

பயணத் திட்டம் இத்துடன் இருக்கிறது. மச்சாளையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவவுக்கு என் கையால் ஒரு சட்டை தைத்துத் தர ஆசை. அளவு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சுவிஸ் பாஸ்போட் கிடைத்தால் நேரே வீட்டுக்கே வரலாம் என்று ஒருமுறை எழுதினீர்களே, அந்த விசயம் என்ன ஆயிற்று?

அன்புத் தங்கை,
மனோகரி


ரெனான்
30.10.2022

அன்பு மனோவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. எனக்கு வழக்கமான தடிமன், வேறொன்றும் இல்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று வாசித்ததே பாதி மருந்து.

ஒரு குழுவைப் பிடித்துவிட்டேன். இங்குள்ள தமிழ்ப் பங்கு ஆட்கள் போகிற திகதி வேறு. இவர்கள் வெள்ளைக்காரர், என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேர். முக்கால்வாசிப் பேர் எழுபது தாண்டியவர்கள். லோசானில் ஒரு மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். கூட்டிப் போகிறவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், பழைய நகரங்களைத் தோண்டி எடுப்பதில் ஆயுளைக் கழித்தவர். அவர்கள் செபிக்கப் போகவில்லை, கல் பார்க்கப் போகிறார்கள். முதல் கூட்டத்துக்குச் செபமாலையைக் கொண்டுபோன ஒரே ஆள் நான்தான்.

இஸ்ரயேலரின் ஊர்கள் எல்லாம் மேடுகளுக்குள் கிடக்கின்றனவாம். மெகிதோ என்று ஒரு மேடு, அதில் இருபதுக்கு மேற்பட்ட ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்று. ஊர் இடிந்தால் அந்த இடிபாட்டின் மேலேயே அடுத்த ஊரைக் கட்டிக் குடியிருப்பார்கள். அந்த ஆட்களைப் பற்றி எனக்கு யோசனையாக இருந்தது. கீழே என்ன கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே மேலே அடுப்பு மூட்டிச் சமைத்திருப்பார்கள். எரிகோவில் யோசுவா காலத்து மதில் என்று ஒன்று கிடைக்கவேயில்லை என்றும் பேராசிரியர் சொல்கிறார். இதை உங்கள் பங்குச் சுவாமிக்குச் சொல்லாதே, பயணத்தையே நிறுத்திவிடுவார்.

பங்குனி 18, சனிக்கிழமை. அன்று நீங்களும் நாங்களும் எருசலேமில் நிற்கிறோம். பின்னேரம் எங்களுக்கு ஓய்வு. நீ தங்குகிற இடத்துக்கு நான் நடந்தே வந்துவிடலாம், வரைபடத்தில் அளந்து பார்த்துவிட்டேன்.

வேணுகாவுக்கு லீவு கிடைக்காது. சட்டை தைத்து மினக்கெடாதே. பாஸ்போட் பைல் நகர்ந்துகொண்டிருக்கிறது. இங்கே எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும்.

அன்புடன்,
அண்ணை


இளவாலை
24.11.2022

அன்பான அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

மழை விட்டபாடில்லை. வீட்டுக்குள் இரண்டு இடத்தில் வாளி வைத்திருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். மச்சாள் அவித்துத் தரமாட்டாவா?

லீவு கேட்க இன்னும் நாலு மாதம் கிடக்கிறது, அதற்குள் கிடைக்காது என்று எப்படித் தெரியும்? அளவு அனுப்பாவிட்டால் கலியாணப் படத்தைப் பார்த்து வெட்டுவேன். அதில் மெலிந்த ஆள். இரண்டு அங்குலம் கூட்டி வைக்கிறேன், இதை அவவிடம் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் கடைசியாக அனுப்பிய படத்தில் நீங்கள் மட்டும் நிற்கிறீர்கள். தலையின் மேல்பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது. யார் எடுத்தது?

அண்ணை, ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் குரல் எனக்கு மறந்துபோய்விட்டது. நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், வரவில்லை. எருசலேமில் நீங்கள் கதைத்தாலும் எனக்குக் கேட்காது. பரவாயில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க இருப்போம்.

தங்கை மனோகரி


ரெனான்
08.01.2023

அன்பு மனோவுக்கு,

புதுவருட வாழ்த்து. தபாலில் தாமதம் இல்லை, நான்தான் பிந்திவிட்டேன். குறை நினைக்காதே. உன் வீட்டு ஒழுக்கு அடைத்தாகிவிட்டதா? உடம்பைப் பார்த்துக்கொள்.

பாலன் பிறந்த நத்தார் அன்று வேலைக்குப் போனேன். நான் கேட்டு வாங்கிய முறை. எட்டுப் பேர் நிற்கிற இடத்தில் அன்று இரண்டு பேர். உலர்த்தி வருகிற போர்வைகள் நல்ல சூடாக இருக்கும். மற்றவள் தேநீர் குடிக்கப் போனபோது கைகளை அந்தச் சூட்டுக்குள் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து சோறு வைத்து நேற்றைய கறியோடு சாப்பிட்டேன்.

எனக்கு விசா வந்துவிட்டது. படம் யார் எடுத்தது என்று கேட்டிருந்தாய். ஒரு ஆள் எடுத்தது.

வேணுகா சுகம்.

அண்ணை


இளவாலை
27.01.2023

அன்பான அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

சுகம்தான். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

எழுத வேண்டிய விசயம் ஒன்று. நாலு நாளாக எழுதக் கை வரவில்லை. எங்கள் குழுவுக்கு இஸ்ரயேல் விசா கிடைக்கவில்லை. காரணம் ஒருவரும் சொல்லவில்லை. முகவர் பயணத்தை யோர்தானும் எகிப்துமாக மாற்றிவிட்டார். எருசலேம் இல்லை. நெபோ மலைக்குப் போவோமாம். மோசே நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்த மலை. பார்த்தார், போகக் கிடைக்கவில்லை. சுவாமி ஞாயிறு பூசையில் அதையே பிரசங்கமாக வைத்தார் என்று சுகந்தி எழுதிக் காட்டினாள்.

நான் அழவில்லை என்று எழுதினால் பொய். தையல் மெசினில் தலையை வைத்து அழுதேன். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது என்று எங்கேயோ எழுதித்தான் வைத்திருக்கிறார்கள் போல. நீங்கள் போய் உங்கள் கற்களைப் பாருங்கள். எனக்காக நிற்க வேண்டாம்.

மனோகரி


ரெனான்
16.02.2023

என் அன்பு மனோவுக்கு,

நான் சுகம். நீ அழுதது போதும், இதை வாசி.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இந்த மாதக் கூட்டத்துக்குப் போனேன். முடிந்ததும் பேராசிரியரிடம் கேட்டேன்: யோர்தான் நாட்டுக்குப் போகிற ஆள் ஒருவர் எங்களுக்குக் கிட்டவாக வருவது எந்த இடத்தில்? அவர் வரைபடத்தை விரித்து ஒரு புள்ளியில் விரலை வைத்தார். ஆண்டவர் திருமுழுக்குப் பெற்ற இடம். ஆற்றின் இரண்டு கரையிலும் இறங்கு படிகள் கட்டியிருக்கிறார்கள். கிழக்குக் கரை யோர்தான், மேற்குக் கரையில் நாங்கள். ஆறு எவ்வளவு அகலம் என்று நினைக்கிறாய்? ஆறு மீற்றர், மிஞ்சினால் ஏழு. உன் வகுப்பறையின் நீளம் அதைவிடக் கூடுதல். நடுவில் ஒரு கயிறு மிதக்கும், அதுதான் எல்லை.

இஸ்ரயேலர் எகிப்திலிருந்து நடந்து வந்து கடைசியாகக் கடந்ததும் அந்தப் பகுதியில்தானாம். தண்ணீர் நின்று வழி விட்டதாக வேதாகமத்தில் இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை என்று பேராசிரியர் முகத்தைச் சுளித்தார்.

எங்கள் திட்டத்தில் அந்த ஆறு இல்லை. எரிகோ மேட்டைப் பார்த்துவிட்டு நேரே போகிறோம். ஆற்றங்கரையில் பார்க்கக் கல் எதுவும் இல்லை என்றார் பேராசிரியர். திட்டத்தை மாற்றுவதானால் கை தூக்கி வாக்கெடுக்க வேண்டும். இந்த நாட்டில் கதவுக்கு என்ன நிறம் பூசுவது என்பதற்கும் கை தூக்க வேண்டும். ஆகவே நான் எழும்பி நின்று என் பிரெஞ்சில் காரணம் சொல்ல வேண்டி வந்தது. அந்தக் கரையில் என் தங்கை வந்து நிற்பாள், அவளைப் பார்த்து இருபத்தேழு வருடம் என்றேன். அதோடு கதிரையில் இருந்துவிட்டேன். ஒரே ஒரு கை மட்டும்தான் தூக்கப்படவில்லை. அந்த மனிதருக்கு எரிகோவில் இன்னும் அரை மணித்தியாலம் வேண்டுமாம்.

ஆகவே கவனமாகக் குறித்துக்கொள். பங்குனி 16, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. உங்கள் குழுவையும் அந்த நேரத்துக்கு அங்கே கொண்டுவரச் சுவாமியைக் கெஞ்சிக் கேள். கடிதம் பிந்தினாலும் என்று நாளையும் நேரத்தையும் மட்டும் சுகந்தியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். நான் இவ்வளவு காலம் சுவிசில் இருந்தவன், ஒரு நிமிடம் பிந்தமாட்டேன்.

அண்ணை ராசா


இளவாலை
07.03.2023

அன்பான அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

சுகம். சாப்பாடு மட்டும் இறங்குதில்லை, சந்தோசத்தில்.

சுவாமி முதலில் சம்மதிக்கவில்லை. பங்கு வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் முடியாது என்று சொல்லியிருப்பார், எனக்குத்தான் காது கேட்காதே. நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் சுகந்தியின் கொப்பியை வாங்கிப் பெரிய எழுத்தில் “சரி, போ” என்று எழுதித் தந்தார். வியாழன் பத்தரைக்கு ஆற்றங்கரையில் நிற்போம்.

நான் சிவப்புச் சேலை உடுத்திருப்பேன், அதைச் சுகந்தி போனிலும் அனுப்பிவிட்டாள். மச்சாளின் சட்டை முடிந்துவிட்டது, கையில் கொண்டுவருவேன். இந்தக் கடிதம் உங்களிடம் வரும்போது நாங்கள் பார்த்து முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மனோகரி


எருசலேம்
18.03.2023, சனி

அன்பு மனோவுக்கு,

நீ இப்போது எகிப்தில் நிற்பாய். சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே இன்று யூதரின் ஓய்வுநாள். தங்குமிடத்தில் மின்தூக்கிகூட ஒருவரும் தொடாமல் தானாக மாடிக்கு மாடி நின்று நின்று போகிறது. உன்னிடம் நடந்து வருவதாக இருந்த பின்னேரம் இதுதான்.

நான் பிந்தவில்லை, மனோ. இதை முதலில் சொல்ல வேண்டும். எரிகோ மேட்டில் பத்தாயிரம் வருடத்துக் கோபுரத்தைப் பேராசிரியர் காட்டிக்கொண்டிருந்தபோது நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கண்ணிவெடி வேலி போட்ட பாதையால் போய்ப் பத்து இருபத்திரண்டுக்கு ஆற்றங்கரையில் இறங்கினேன். எட்டு நிமிடம் முந்தி. அந்தக் கரையில் ஒரு கூட்டம் படியேறிப் போய்க்கொண்டிருந்தது, கடைசியாக ஒரு சிவப்புச் சேலை. நான் “மனோ” என்று கத்தினேன். நீ திரும்பவில்லை. உனக்குப் பக்கத்தில் போனவள்தான் திரும்பி உன் கையைப் பிடித்து இழுத்தாள். சுகந்தியாக இருக்கும்.

இந்தப் பக்கம் பத்தரை என்றால் அந்தப் பக்கம் பதினொன்றரை. யோர்தான் நாட்டு மணிக்கூடு இந்த மாதம் ஒரு மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. பிறகுதான் பஸ் சாரதி சொன்னார். அந்தக் கரையை விட்டு வேறொரு காலத்தில் நான் நின்றிருக்கிறேன். மூவாயிரம் வருடத்துக் கணக்கில் ஐம்பது வருடம் பிசகினால் சண்டைக்குப் போகிற எங்கள் பேராசிரியருக்கும் இது தெரியாது. அவர் என்னிடம் நாலு தரம் மன்னிப்புக் கேட்டார். பிழை என்னுடையது. நேரம் குறித்தவன் நான்.

ஏழு நிமிடம் கிடைத்தது. நீ கிழவியாகிவிட்டாய், மனோ. நடை அம்மாவின் நடை. நீ ஒரு பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாய். எறியப் போனாய், ஆமிக்காரன் கையைக் காட்டித் தடுத்துவிட்டான். எல்லோரும் சுகம் என்று நான் கத்திச் சொன்னேன். நீயும் தலையாட்டினாய். பிறகு உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் முழங்கால் வரைக்கும் தண்ணீருக்குள் நின்றேன். சப்பாத்து இன்னும் காயவில்லை.

நாளை லாகீசு, அங்கேயும் ஒரு மேடு. பேராசிரியர் என்னைப் பஸ்ஸில் முன் இருக்கையில் இருக்கச் சொல்கிறார். உன்னை அவ்வளவு நேரம் காக்க வைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள்.

அண்ணை


இளவாலை
12.04.2023

அன்பான அண்ணைக்கு,

உயிர்ப்புப் பெருநாள் நல்லபடியாக முடிந்தது. நான் சுகம். உங்கள் முழங்கால் நோ தண்ணீருக்குள் நின்றதால் கூடியிருக்கும், எண்ணெய் போட்டுத் தேயுங்கள்.

நான் பத்து மணிக்கே போய் நின்றேன். உங்கள் கரையில் வெள்ளை அங்கி போட்ட ஆட்கள் இறங்கி முங்கினார்கள். நரைத்த தலை ஒவ்வொன்றையும் நீங்களோ என்று பார்த்தேன். பதினொரு மணியானபோது உங்களுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சுவாமி நல்ல மனிதர். ஒரு செபமாலை முடிந்ததும் இன்னொன்று தொடங்கினார், அது முடிந்ததும் மன்றாட்டுமாலை. வழிகாட்டி மணிக்கூட்டைக் காட்டிக் காட்டிக் களைத்துப் போனான். ஆற்றுக்கு அந்த இடத்துக்காரரின் சிறிய பஸ்ஸில்தான் கூட்டி வருவார்கள், அது நிற்காது. மன்னிப்புக் கேட்கிறீர்கள், அது தேவையில்லை. ஏழு நிமிடம் கிடைத்ததே.

வேறொரு விசயம் எழுத வேண்டும். எல்லோரும் சுகம் என்று கத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அண்ணை, நான் மற்றவர்களின் வாயையும் முகத்தையும் பார்த்து வாழ்கிறவள். அந்த ஒரு வசனத்துக்கு உங்கள் வாய் அவ்வளவு நேரம் ஆடாது. நான் பொட்டலத்தைக் காட்டி “இது மச்சாளுக்கு” என்றேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் கத்தத் தொடங்கினீர்கள். எனக்குச் சந்தோசம் தலைக்கு மேல், ஓம் ஓம் என்று ஆட்டிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கதையை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். சுவாமி குனிந்து நிலத்தைப் பார்க்கிறார்.

உங்கள் வெள்ளைக்காரருக்குத் தமிழ் விளங்காது என்று நினைத்திருப்பீர்கள். என்னோடு நின்ற நாற்பது பேரை மறந்துபோனீர்கள்.

பஸ்ஸில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுகந்தி கொப்பியை எடுத்து அரைப் பக்கம் எழுதி நீட்டினாள். நான் வாசிக்கவில்லை. அந்த ஒற்றையைக் கிழித்து மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன். “அண்ணை எனக்குச் சொன்னதை அண்ணைதான் எழுதவேணும். நீ எழுதாதை” என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதாள்.

வந்து மூன்று கிழமையாகிறது. கோயிலில் என்னைக் கண்டால் கதையை மாற்றுகிறார்கள். மீன்காரி இரண்டு மீன் கூடப் போட்டுத் தருகிறாள். ஊர் முழுக்கத் தெரிந்த விசயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது. அது என்னுடைய அண்ணையின் விசயம். நான் யாரிடமும் கேட்கமாட்டேன். நீங்கள் எழுதுகிற வரைக்கும் இருப்பேன்.

மனோகரி


ரெனான்
21.05.2023

மனோவுக்கு,

இந்த முறை நான் சுகம் என்று தொடங்கவில்லை. அப்படித் தொடங்கினால் மிச்சமும் பொய்யாகத்தான் வரும்.

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை. நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் இருக்க வேலைக்குப் போகிற வழியிலேயே தபாலில் போடுகிறேன்.

வேணுகா என்னை விட்டுப் போய் ஏழு வருடம். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை இரண்டு பெட்டியோடு சூரிச்சுக்குப் போனாள். ஒரு வருடம் கழித்து விவாகரத்துக் கடிதாசி வந்தது, கையெழுத்து வைத்தேன். முதல் சில மாதம் திரும்பி வருவாள் என்று நினைத்து உனக்கு அவள் சுகம் என்று எழுதினேன். பிறகு அந்த வரியை எழுதாமல் விட்டால் நீ கேட்பாய் என்பதற்காக எழுதினேன். கடைசியில் அது கையோடு வந்துவிட்டது. அந்த வரியை எழுதுகிறபோது மட்டும் அவள் உள்ளே சமையல் செய்கிறாள் போலவும் இருக்கும்.

தமிழ்ப் பூசைக்கு நான் போவதில்லை. போனால் வேணுகா எங்கே என்று கேட்பார்கள். தமிழ்க் குழுவின் திகதி வேறு என்று எழுதினேன், அவர்களுடைய திகதியை நான் கேட்கவேயில்லை. படத்தை எடுத்தது ஒருவரும் இல்லை, போனை அலமாரியில் சாய்த்து வைத்து நானே எடுத்தேன். பாஸ்போட் பைல் எங்கேயும் நகரவில்லை. அவள் விட்டுப்போன அந்த வருடம்தான் குடியுரிமைக்கான பிரெஞ்சுப் பரீட்சை இருந்தது. அன்று கட்டிலால் எழும்பவில்லை. இப்போது ஆவணி மாதப் பரீட்சைக்குப் பதிந்திருக்கிறேன். நகரசபையில் தந்த படிவத்தில் விவாகரத்தானவர் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். எத்தனை வருடம் எடுக்கும் என்று தெரியாது.

அன்றைக்கு உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று நான் திட்டம் போட்டு வரவில்லை. நீ அந்தச் சட்டையைத் தூக்கிக் காட்டியதும் தாங்க முடியவில்லை. உனக்குக் கேட்காது என்றும் தெரியும். கேட்காது என்பதால்தான் கத்தினேன் என்று நினைக்கிறேன். கேட்ட நாற்பது பேரை நான் காணவேயில்லை, நான் உன்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் கத்தினது இது. சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்.

“வேணுகா இல்லை, மனோ. அவள் போய் ஏழு வருசம். நான் தனியத்தான் இருக்கிறன். வீட்டிலை கதைக்க ஒரு ஆள் இல்லை. எனக்கு உன்னை விட்டா ஒருத்தரும் இல்லை.”

நீ அதற்கு ஓம் ஓம் என்று தலையாட்டினாய். வாய் நிறையச் சிரித்தாய். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு நான் பார்த்த உன் சிரிப்பு அது.

இப்போது நீ இதை வாசித்துவிட்டாய். இனி என்னை நினைக்கிறபோது அப்படிச் சிரிக்கமாட்டாய். அது தெரிந்துதான், மனோ, இத்தனை வருடமும் நான் எழுதவில்லை.

உன்னுடைய
அண்ணை